எட்டாவது பொத்தான்

காலையில் எழுந்ததும் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, எது மடங்குகிறது எது மடங்கவில்லை என்று கணக்கெடுக்கிற என் வயதுக்காரர்களே, இதை உங்களுக்காக எழுதுகிறேன். இளையவர்கள் படிக்கக் கூடாது என்றில்லை. படித்தால் ‘தைலம் தடவினீங்களா?’ என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

இன்று காலை எனக்கு வலது கையில் மூன்று விரல்கள் மடங்கின. நேற்று நான்கு. டெல்லி துவாரகாவில் ஆறாவது மாடியில் இருக்கிறேன். லிஃப்ட் இந்த வாரத்தில் இரண்டு முறை நின்றது. படி தொண்ணூற்றாறு. கைப்பிடியைப் பிடித்து ஏறினால் மணிக்கட்டு வலிக்கிறது, பிடிக்காமல் ஏறினால் முழங்கால். எதை விட்டு எதைப் பிடிப்பது?

போன வாரம் செக்டர் மார்க்கெட்டில் இருக்கிற பிசியோதெரபிப் பெண்ணிடம் போயிருந்தேன். என் மகள் வயதுதான் இருக்கும். கட்டைவிரலுக்குக் கீழே வீங்கியிருந்த இடத்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, வீட்டில் ஏதாவது பயிற்சி செய்கிறீர்களா என்று இந்தியில் கேட்டாள். இல்லை என்றேன். “நல்லது அங்கிள். சிலர் ரப்பர் பந்தை வாங்கி அமுக்க ஆரம்பித்துவிடுவார்கள். வீக்கம் இருக்கும்போது அதை மட்டும் செய்யாதீர்கள், இன்னும் கெட்டுப் போகும்” என்றாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். நாற்பத்தொரு நாள், காலையில் நூறு, மாலையில் நூறு. மொத்தம் எட்டாயிரத்து இருநூறு முறை ஒருவர் வீங்கிய கையால் ரப்பர் பந்தை அமுக்கினார். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் எண்ணியது நான்.

எழுபதுகளின் நடுவில், இதே டெல்லியில், கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்தது. எனக்கு ஒன்பது வயது, மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு. அம்மா பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள். ஊர் என்றால் திண்டுக்கல் பக்கம். என்னையும் கூட்டிப் போயிருக்கலாம். ஒரு வருடப் படிப்பு கெட்டுவிடும் என்று அப்பா நிறுத்திக்கொண்டார். அம்மா ரயிலேறிய நாளிலிருந்து நான் சுவரில் கரியால் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். ஐந்து கோட்டுக்கு ஒரு குறுக்குக் கோடு. ஐப்பசியில் தங்கை பிறந்ததாகத் தந்தி வந்த அன்று எண்பது கோடு இருந்தது.

அப்பா ஒரு சர்க்கார் ஆபீஸில் சைக்ளோஸ்டைல் மெஷின் ஓட்டுகிறவர். உங்களில் ஆபீஸ் போனவர்களுக்கு அந்த மெஷின் ஞாபகம் இருக்கும். மெழுகுத் தாளில் டைப் அடித்து, மை தடவிய உருளையில் மாட்டி, பக்கத்திலிருக்கிற கைப்பிடியைச் சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு ஒரு தாள். பார்லிமெண்ட் நடக்கிற மாதங்களில் அப்பாவுக்கு நாளைக்கு மூவாயிரம் சுற்று வரும். மெஷினிலேயே ஒரு எண்காட்டி உண்டு. அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட எனக்குப் பிடித்த வேலை அந்த வயதில் வேறு எதுவும் இல்லை. சரியாக விழாத தாள்களை அப்பா கொண்டுவருவார். அவற்றின் பின்பக்கம்தான் என் கணக்கு நோட்டு. அந்த மையின் வாசனை அப்பாவின் சட்டையிலும், தலையணையிலும், சில நாள் சோற்றிலும்கூட இருக்கும்.

முதலில் எனக்குத் தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. குளிர் தொடங்கியிருந்தது. அப்பா சோறு வடித்துக்கொண்டிருந்தார். பானையைத் தட்டோடு சாய்த்துப் பிடித்தவர், திடீரென்று “ஹா” என்று ஒரு சத்தம் போட்டார். பானை சாக்கடை வாயில் கவிழ்ந்தது. கஞ்சி அவர் கால் மேல். சோறு முக்கால் பங்கு தரையில்.

“கை வழுக்கிருச்சுடா” என்றார்.

“வழுக்குறதுக்கு கைல எண்ணெயே இல்லையேப்பா.”

“ஆமா, நீ பெரிய வக்கீலு. போய்த் தட்டு எடுத்துட்டு வா.”

பானையில் மிஞ்சியதை இரண்டு தட்டில் போட்டோம். அப்பா இடது கையில் ஸ்பூன் எடுத்துச் சாப்பிட்டார். வலது கை மடியில் கிடந்தது. கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. தொட்டேன். சூடாக இருந்தது. அப்பா கையை இழுத்துக்கொண்டார்.

“அம்மாவுக்கு எழுதட்டாப்பா?”

அவர் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என்னை எதிரே உட்கார வைத்தார். “இங்க பாரு. அம்மா இப்ப பால் குடுக்குறவ. கவலப்பட்டா பால் வத்திரும். பாப்பா என்னத்தக் குடிக்கும்? அப்பா கை வலிக்குதுன்னு ஒரு எழுத்து போகக் கூடாது. பாப்பா மேல சத்தியம் பண்ணு.”

பார்த்திராத ஒரு குழந்தையின் தலையில் எப்படி அடித்துச் சத்தியம் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தலையணை மேல் அடித்துச் செய்தேன். அப்பா அதற்குச் சிரித்தார். அந்தக் குளிர்காலத்தில் அவர் சிரித்ததை நான் நான்கு முறைதான் எண்ணியிருக்கிறேன்; அது முதலாவது.

இன்னொரு பயமும் இருந்தது, அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. எதிர்வீட்டு சார் வராந்தாவில் நின்று பேசும்போது காதில் விழுந்தது. அவர் வேறு ஆபீஸில் அப்பர் டிவிஷன் கிளார்க். எல்லா ரூலும் தெரிந்தவர், தெரியாத ரூலையும் சொல்லக்கூடியவர். எங்கள் அம்மாவின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர் வேறு. “கை கால் முடியலன்னு எழுதிக் குடுத்தீங்கன்னா மெடிக்கல் போர்டுக்கு அனுப்பிருவான் சார். போர்டுக்குப் போனவன் ஆபீஸுக்குத் திரும்புனதா சரித்திரமே கிடையாது. வேலையும் போச்சு, குவார்ட்டர்ஸும் போச்சு” என்று யாரைப் பற்றியோ சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு “அப்படியா சார்” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு வைத்தியம் தொடங்கியது. வாணலியில் கல்லுப்பை வறுத்துப் பழைய பனியன் துணியில் கட்டி ஒத்தடம். துணியை முறுக்கிக் கட்ட அப்பாவால் முடியாது, நான் கட்டுவேன். ஸ்டேஷன் கூலிகள் கட்டுகிற மாதிரி ஒரு தோல் பட்டை வாங்கினார். மாட்டுத் தோல், ஒரு இரும்புக் கொக்கி, மூன்று துளை. முதலில் மூன்றாம் துளையில் மாட்டியது, மார்கழியில் முதல் துளைக்கு வந்துவிட்டது. கை வீங்க வீங்க நான் துளையைப் பின்னுக்குத் தள்ளினேன். அந்தப் பட்டை எங்கே போனது என்று தெரியவில்லை. மூன்று வீடு மாறியதில் தொலைந்த பதினேழு சாமான்களில் அதுவும் ஒன்று.

டிஸ்பென்சரியில் டாக்டரிடம் அப்பா போகவில்லை. போனால் சீட்டில் எழுதிவிடுவார், சீட்டு ஆபீஸுக்குப் போய்விடும் என்று பயம். மருந்து கட்டிக் கொடுக்கும் கம்பவுண்டரிடம் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். அவன் ஒரு தரம் பார்த்துவிட்டு, கையில் பலம் குறைந்துபோயிருக்கிறது, ரப்பர் பந்து வாங்கி அமுக்கு என்று சொன்னான். அதுதான் அந்தப் பந்து. சிவப்பு நிறம், ஒரு பக்கம் நட்சத்திரம் போட்டிருக்கும்.

நான் கறாரான ஆள். எண்பதில் அப்பா நிறுத்தப் பார்ப்பார்.

“போதும்டா இன்னிக்கு.”

“இன்னும் இருபது இருக்குப்பா. கம்பவுண்டர் நூறுன்னாரு.”

“கம்பவுண்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போய்ட்டான்.”

“எண்பத்தொண்ணு. ம், அமுக்குங்கப்பா. எண்பத்திரண்டு.”

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்குவார். நெற்றி வியர்க்கும். டிசம்பர் மாதத்து டெல்லியில், ரஜாயைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு நெற்றி வியர்த்தால், அது என்ன வியர்வை என்று எனக்கு அப்போது யோசிக்கத் தெரியவில்லை. நூறு ஆனதும் எனக்கு ஒரு திருப்தி. வீட்டில் சரியாக நடக்கிற ஒரே காரியம் அதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஸ்கூல் இல்லாத ஒரு சனிக்கிழமை அப்பா என்னை ஆபீஸுக்குக் கூட்டிப் போனார். ஒரு நீளமான அறை, இரண்டு மெஷின். அடுத்த மெஷின்காரர் ஒரு கட்வாலி. மலைக்காரர், குட்டையாக, எப்போதும் கழுத்தில் மஃப்ளர். கை வீங்கிய பிறகு அப்பா எப்படிச் சுற்றுகிறார் என்று அன்றுதான் பார்த்தேன். கைப்பிடி வலது பக்கம் இருக்கிறது. இடது கையால் சுற்றுவதற்காக மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கையைப் பின்னால் விட்டு, கண்ணால் பார்க்காமல் சுற்றினார். தாள் விழுகிற பக்கம் அவருக்குத் தெரியாது. கோணலாக விழ ஆரம்பித்தால் கட்வாலி அங்கிருந்தே “டேடா, டேடா” என்று குரல் கொடுப்பார். கோணல் என்று அர்த்தம். அப்பா நிறுத்திவிட்டுத் தாளைத் தட்டிச் சரிசெய்வார்.

என் கையில் வாட்ச் கிடையாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். முன்பு ஒரு நிமிடத்துக்கு ஐம்பது தாள் விழும். அன்று இருபத்திரண்டு. நூறுக்கு ஒரு தடவை நிறுத்தி, தாள்களை விசிறுவது போலப் பாவனை செய்து மூச்சு வாங்கினார். செக்ஷன் ஆபீசர் டீ குடிக்கப் போனதும் கட்வாலி ஓடி வந்து, “ஹட்டோ மதராசி பாயி” என்று அப்பாவைத் தள்ளிவிட்டு, பதினைந்து நிமிடத்தில் எழுநூறு சுற்றுச் சுற்றிக் கொடுத்துவிட்டுத் தன் மெஷினுக்குப் போய்விட்டார். எண்காட்டி பறந்தது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் எண்ணிக்கையைச் சொன்னேன். அவர் திரும்பவில்லை.

கிளம்பும்போது கட்வாலி ஒரு காகிதப் பொட்டலத்தை அப்பாவின் பையில் வைத்தார். பட்டாளத்தில் இருக்கிற அவருடைய தம்பி கொண்டுவந்த ரம். குடிக்க அல்ல, ராத்திரியில் சூடாக்கி மணிக்கட்டில் தேய்க்க. அவர்கள் மலையில் அப்படித்தான் செய்வார்களாம். அப்பா வாழ்நாளில் குடித்ததில்லை. பாட்டிலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் மேடையில், தேங்காய் எண்ணெய்க்கும் பல்பொடிக்கும் நடுவில் வைத்தார். மறைக்க வேண்டிய பொருள் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் காலனியில் ஐயப்ப பூஜை. அப்பா போகவில்லை. போனால் பந்தியில் உட்கார்ந்து கையால் சாப்பிட வேண்டும். என்னையும் அனுப்பவில்லை, அம்மா இல்லாத வீட்டுப் பிள்ளை தனியாகப் போய்ப் பந்தியில் உட்கார்ந்தால் நாலு பேர் கேட்பார்கள் என்றார். பஜனைச் சத்தத்தை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டு இரண்டு பேரும் பிரெட்டைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டோம். எனக்கு நான்கு துண்டு, அவருக்கு மூன்று.

எதிர்வீட்டு சார் பிரசாதம் கொண்டுவந்தார். அப்போதுதான் ரம் தேய்த்து முடித்திருந்தோம். வீடு முழுக்க அந்த வாடை.

“என்ன சார், பூஜைக்கு வரல? இந்தாங்க, சாமி பிரசாதம்.”

அப்பா கையை நீட்டினார். இடது கை.

சார் பொட்டலத்தைக் கொடுக்காமல் ஒரு கணம் நின்றார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். மூக்கை இழுத்தார். பிறகு ஜன்னல் மேடையைப் பார்த்தார். பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு, “பத்திரமா இருடா கண்ணா” என்று என் தலையைத் தடவினார். எனக்கு ஏன் அப்படிச் சொன்னார் என்று விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கியது. வாசல்வரை போய், “சார், அது வந்து...” என்றார். சொன்னால் கை விஷயம் வெளியே வரும். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளை நான் போட்டேன்.

பொங்கலுக்கு சார் ஊருக்குப் போனார்.

எங்கள் அம்மா வீட்டில் ஒரு வழக்கம். பெண்ணைப் பிரசவத்துக்குக் கூட்டிப் போனால், மூன்றாம் மாதம் மாப்பிள்ளை வந்து அழைத்துப் போக வேண்டும். வர முடியாத தூரத்தில் இருந்தால் மாமனார் வீட்டுக்குத் தன் கையால் ஒரு கடிதம் எழுத வேண்டும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ‘இன்ன தேதியில் அனுப்பி வைக்கவும்’ என்று. டைப் அடித்தால் ஆகாது, வேறு ஆள் எழுதினாலும் ஆகாது. அழைப்பு வராமல் பெண்ணை அனுப்பினால் தள்ளிவிட்டதாக ஊர் பேசும்.

அப்பாவுக்கு லீவு கிடையாது, பட்ஜெட் நேரம். அதுவரை அம்மாவுக்குப் போன கடிதங்களை எல்லாம் அப்பா சொல்ல நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பையன் தமிழ் எழுதிப் பழகட்டும் என்பதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தை மாத அழைப்பையும் நானே எழுதினேன். என் குண்டு குண்டான எழுத்தில், ‘மாமாவுக்கு வணக்கம், அம்மாவை அனுப்பி வைக்கவும்’ என்று. மஞ்சளும் நான்தான் தடவினேன். என் கட்டைவிரல் ரேகை நான்கு மூலையிலும் இருந்தது.

தாய்மாமாவின் பதில் பொங்கல் கழித்து வந்தது. அப்பா படித்துவிட்டு டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தார். அவர் குளிக்கப் போனபோது நான் எடுத்துப் படித்தேன். ‘அழைப்பு எழுதக்கூட மாப்பிள்ளைக்குக் கை வரவில்லையா? கேள்விப்படுகிற சேதியும் நன்றாக இல்லை. மாப்பிள்ளை தன் கையால் எழுதட்டும், பிறகு பார்க்கலாம்.’

அப்பா தன் கையால் எழுதினார்.

நான்கு மாலை ஆயிற்று. பேனா பிடிபடவில்லை. பனியன் துணியைக் கிழித்துப் பேனாவைச் சுற்றிச் சுற்றி, கத்தரிக்காய்த் தடிமனுக்குக் கொண்டுவந்தோம். அதைக் கட்டைவிரல் படாமல் நடு இரண்டு விரல்களுக்கு இடையில் செருகிக்கொண்டார். மணிக்கட்டை அசைக்காமல் தோளிலிருந்து முழுக் கையையும் நகர்த்தி எழுத வேண்டும். ‘அ’ போட அரை நிமிடம். ‘ழ’ வந்த இடத்தில் எல்லாம் நிறுத்தி மூச்சு விட்டார்.

“நான் எழுதறேன்பா. உங்க எழுத்து மாதிரியே எழுதறேன்.”

“வேண்டாம்டா. இது நான் எழுத வேண்டியது.”

பதினோரு வரி. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று சரிந்து, குடிசைகள் மழையில் சாய்ந்த மாதிரி இருந்தன. அப்பா தூரத்தில் வைத்துப் பார்த்தார். “பரவால்ல, படிக்க முடியுது” என்றார். இரண்டாவது சிரிப்பு அப்போதுதான்.

மாமாவின் பதிலை இம்முறை அவர் ஒளித்துவைக்கவில்லை. பாயின் மேல் அப்படியே கிடந்தது. ‘எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நிதானத்தில் இருக்கிற ஆள் எழுதியதா இது? உங்கள் எதிர்வீட்டுக்காரர் சொன்னதை நாங்கள் நம்பவில்லை, இப்போது நம்புகிறோம். குடிக்கிற வீட்டுக்குப் பச்சைக் குழந்தையோடு என் தங்கையை அனுப்ப மாட்டேன்.’

அன்று அப்பா பந்து அமுக்கவில்லை. நாற்பத்தொரு நாளோடு அது நின்றது. நான் பந்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கி, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்துவிட்டு, தரையில் வைத்து உருட்டிவிட்டார். அது கட்டிலுக்கு அடியில் போயிற்று. இரண்டு பேரும் போய் எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்னைக் கூப்பிட்டு ஒரு இன்லண்ட் லெட்டரைக் கொடுத்தார். என் பெயர், வகுப்பு, பள்ளி முகவரி. அம்மாவின் எழுத்து. அம்மா எனக்கு என்று தனியாக எழுதிய கடிதம் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான். ‘கண்ணு, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். மாமா சொல்வது நிஜமா? வீட்டில் என்ன நடக்கிறது என்று எனக்கு எழுது. இங்கே ஊரில் பக்கத்து வீட்டு டீச்சர் பெயருக்குப் போடு.’

இனிமேல் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில் எனக்கு அப்பா மேல் பாசம் பொங்கிக்கொண்டிருக்கவில்லை. கோபமாக இருந்தேன். என் கை முழுக்கக் குளிரில் வெடிப்பு. விளையாடப் போக முடியவில்லை. எதிர்வீட்டுப் பையன் என்னோடு சேரக் கூடாது என்று அவன் வீட்டில் சொல்லியிருந்தார்கள். படிக்கட்டில் பார்த்தால் சுவரோரமாக ஒதுங்கிப் போனான். பள்ளிக்கூடத்தில் தாமதத்துக்கு பெஞ்சு மேல் நிற்க வைத்தார்கள். யார் மேலாவது புகார் சொல்ல வேண்டும் போலிருந்தது. அம்மா கேட்டாள், நான் எழுதினேன். அந்தக் கடிதம் இப்போது என் மேஜையில் இருக்கிறது. அப்படியே தருகிறேன்.

‘அன்புள்ள அம்மாவுக்கு. அப்பா குடிக்கவில்லை. வேறு ஒன்றும் நான் எழுதக் கூடாது, பாப்பா மேல் சத்தியம். ஆனால் என்னால் முடியவில்லை. காலையில் அப்பா சட்டைக்கு நான்தான் பொத்தான் போடுகிறேன். ஏழு பொத்தான். எட்டாவது வலது கைப் பொத்தான். அது மூடாது, விட்டுவிடுகிறோம். சோறு நான் வடிக்கிறேன். துணி நான் பிழிகிறேன், நேற்று ஐந்து. டப்பா எல்லாம் நான் திறக்கிறேன். பூட்டும் நான்தான். ஸ்கூலுக்குப் பதினோரு நாள் லேட். அப்பா ஒன்றும் செய்வதில்லை. நீ வந்து அப்பாவைக் கேள்.’

சுவரில் இருநூற்று மூன்று கோடு இருந்த அன்று, காலையில் கதவு தட்டப்பட்டது. அம்மா. இடுப்பில் குழந்தை, தோளில் ஒரு பை, காலடியில் ஒரு தகரப் பெட்டி. தனியாக இரண்டு ராத்திரி ரயிலில் வந்திருந்தாள். அழைப்பு இல்லை, துணை இல்லை. அண்ணனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று பின்னால் தெரிந்தது.

என்னை வாசலிலேயே உட்கார வைத்தாள். குழந்தையை என் மடியில் போட்டாள். நேராக உள்ளே போனாள். அப்பா ஆபீஸ் சட்டை போட்டு, ஏழு பொத்தானோடு, எட்டாவது திறந்தபடி நின்றுகொண்டிருந்தார். அவள் அந்தக் கையைப் பிடித்து, திறந்து கிடந்த சட்டைக் கைப்பட்டியை மணிக்கட்டைச் சுற்றி இழுத்துப் பார்த்தாள். ஒரு விரல் அகலம் எட்டவில்லை.

“நான் போறப்போ ரெண்டு விரல் உள்ள போகும் இதுக்குள்ள” என்றாள். “என் கையால எத்தன நாள் போட்டுவிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?”

அப்பா என்னைப் பார்த்தார். “சொல்லிட்டியாடா?”

“இல்லப்பா. சத்தியமா இல்ல.”

“அவன் சொல்லல. நீங்கதான் ஊமையாட்டம் இருந்திருக்கீங்க. பால் வத்திரும்னுதானே மறச்சீங்க? அங்க உக்காந்து குடிகாரன் பொண்டாட்டின்னு கேட்டுக்கிட்டு இருந்தேனே, அப்ப மட்டும் பால் பொங்குச்சாக்கும்?”

அப்பா மூன்றாவது முறையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, முகத்தை இடது கையால் மூடிக்கொண்டார். குழந்தை அழ ஆரம்பித்தது. எப்படித் தூக்கிப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு அப்பாவோடு ஆபீஸுக்கே போனாள். செக்ஷன் ஆபீசர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கட்வாலி உள்ளே போய் நடந்ததை எல்லாம் சொன்னாராம். ஆபீசர் கையைப் பார்த்துவிட்டு, இதற்கு ஏன் மெடிக்கல் போர்டு, இது நானே செய்யக்கூடிய காரியம், நவம்பரிலேயே சொல்லியிருந்தால் அப்போதே மாற்றியிருப்பேனே என்றாராம். அந்த வாரமே அப்பாவைத் தபால் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். எதிர்வீட்டு சார் வராந்தாவில் நின்று சொன்ன ஒரு வார்த்தைக்காக அப்பா நான்கு மாதம் மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறார். அன்று சாயங்காலம் அம்மா அவருக்கு டம்ளரில் காப்பி கொடுத்தாள். இடது கையால் வாங்கினார், அதற்காகச் சிரித்தார். அது நான்காவது.

கை முழுவதும் நேராகவில்லை. டாக்டர் சிம்பு வைத்துக் கட்டினார், ஊசி போட்டார், வலி அடங்கியது. ஆனால் மணிக்கட்டு ஒரு பக்கம் சாய்ந்தேதான் இருந்தது. ரொம்ப நாள் அசைத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்றாராம். மெஷினைச் சொல்கிறார் என்றுதான் இந்த ஐம்பது வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் அந்தப் பெண் சொன்ன பிறகுதான் சிவப்புப் பந்து கட்டிலுக்கு அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தது.

அம்மா அந்தக் கடிதத்தை சாகும்வரை வைத்திருந்தாள். வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுவாள். “எம்புள்ள சத்தியத்தையும் மீறல, சேதியையும் சொல்லிட்டான் பாத்தீங்களா. ஒன்பது வயசுல என்ன மூளை!” கேட்கிறவர்கள் என்னைத் தட்டிக்கொடுப்பார்கள். நான் மறுத்ததில்லை. அப்பா மட்டும் தட்டிக்கொடுத்ததில்லை. ஒரு தடவை, எனக்கு வேலை கிடைத்த புதிதில், அந்தக் கடிதத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். ‘அப்பா ஒன்றும் செய்வதில்லை’ என்ற வரி வந்ததும் விரல் நின்றது. பிறகு மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, “கணக்கு சரியாத்தான் போட்டிருக்கான்” என்றார். கோபமா, கேலியா, மன்னிப்பா? எனக்கு இன்னும் தெரியவில்லை. கேட்டிருக்கலாம். அதற்குப் பிறகு பதினெட்டு வருடம் இருந்தார்.

என் மனைவி போய் ஆறு வருடம் ஆகிறது. பையன் வெளிநாட்டில். அன்று என் மடியில் அழுத தங்கைக்கு இப்போது பேரன் இருக்கிறான், கோயம்புத்தூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு போன் செய்வாள். கை எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டாள். அம்மா சொல்லிச் சொல்லி அந்தக் கதை அவளுக்கு மனப்பாடம்.

“அண்ணே, இன்னிக்கு எத்தன பட்டன் போட்டீங்க?” என்பாள்.

“எட்டு” என்றேன் இந்த ஞாயிறும்.

“கைப் பட்டன் ரெண்டும் சேத்தா?”

“சேத்துதான் எட்டு.”

“அப்ப சரி” என்று வைத்துவிட்டாள். அவளுக்கு முழங்கால் வேறு சரியில்லை. சொன்னால் ரயிலேறிவிடுவாள்.

நான் வாழ்க்கையில் தவறான எண்ணிக்கை சொன்னதில்லை, அவளிடம் தவிர. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? முன்பக்கம் ஆறையும் இடது கையாலேயே, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடமாக, போட்டுவிடுகிறேன். வலது கைப் பொத்தான் வீக்கத்தில் மூடுவதில்லை. இடது கைப் பொத்தானை வலது கைதான் போட வேண்டும், அதற்குப் பிடி இல்லை. இரண்டு பட்டியையும் மடித்து மேலே விட்டுக்கொள்கிறேன். பார்க்கிறவர்களுக்கு ஸ்டைல் மாதிரி இருக்கும்.

அப்பாவுக்கு ஏழு. ஏழாவதைப் போட நான் இருந்தேன்.

எனக்கு ஆறு.